நீங்க பேசாம வாங்க

ஜன்னல் ஓரத்துல நீங்களே இருங்க தம்பி, எனக்கு வேண்டாம். காத்து அடிச்சா என் கண்ணு ஒழுக ஆரம்பிச்சிரும். பாக்குதவன் என்னமோ அழுதுக்கிட்டு வாரான்னு நெனச்சிக்கிடுவான். இந்தப் பைய மட்டும் காலுக்குக் கீழ தள்ளிக்கிடுதேன். தண்ணியும் துண்டும்தான், வேற ஒண்ணும் கெடையாது.

ஏ, பாத்தியளா! அந்தப் பள்ளத்துல டிரைவர் பஸ்ஸ அப்பிடியே எறக்குதான் பாருங்க. அந்தப் பள்ளம் இன்னைக்கு நேத்தா கெடக்கு? நான் ஓட்டுன காலத்துலயே கெடந்தது. ஆமா, நானும் டிரைவருதான். கவர்மெண்டு பஸ்ஸு. இதே ரோடு. நயினார் வண்டின்னா மாசமா இருக்க பிள்ளைக காத்துக்கெடந்து ஏறும், பாத்துக்கிடுங்க. ஆறுமுகநயினார்னு பேரு. வீரவநல்லூர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

இந்தக் கையா? இது டயாலிசிஸ்க்காக ஆபரேசன் பண்ணுன கை. சும்மா தொட்டுப் பாருங்க, பயப்படாதிய. உள்ள கிர்ருன்னு ஒரு மோட்டாரு ஓடுத மாதிரி இருக்குல்லா? சுகரு கிட்னியத் தின்னுட்டு. கண்ணுலயும் பாதியத் தின்னுட்டு. வாரத்துல மூணு நாள் அம்பை ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தச் சுத்தம் பண்ணிட்டு வரணும். ஊசியப் போட்டு மிஷின்ல மாட்டிவிட்டான்னா மத்தியானம் வரைக்கும் அசையக் கூடாது.

தனியாதான் வாரேன். இப்பதான் தனியா. எங்க வீட்டுல அவ இருந்தா. உலகம்மாள். ஆவணியில போயிட்டா.

இல்ல இல்ல, எனக்கு வருத்தம் அது இல்ல. சாவு எல்லாருக்கும் உள்ளதுதான். வருத்தம் வேற. சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

மொதல்ல நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுலதான் போயிட்டு வந்தோம். போகையில ஒண்ணும் தெரியாது. திரும்புகையில உடம்பு பஞ்சு மாதிரி ஆயிரும். ஆட்டோவுக்குச் சொல்லி வச்சா ஒருநாள் வருவான், ஒருநாள் கல்யாண வீட்டுச் சவாரின்னு போயிருவான். எங்க மக பிரேமா ஒசூர்ல இருக்கா. அவதான் ஒரு ஸ்கூட்டர வாங்கி வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிட்டா. "அம்மா, நீ ஓட்டப் படி. அப்பாவ நீயே கூட்டிட்டுப் போ"ங்கா. இவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. சைக்கிளே தொட்டது கெடையாது தம்பி. ரோட்டத் தாண்டணும்னா என் சட்டைய ஒரு கையால பிடிச்சிக்கிடுத பொம்பள.

நான் சொன்னேன், "ஏட்டி, இத்தன வருசம் பஸ்ஸு ஓட்டுனவன் வீட்டுல இருக்கேன், நீ என்னத்துக்குப் பயப்படுத?"

எங்க தெருவுக்குப் பின்னால ஒரு பொட்டல் உண்டு. காலையில அங்க கூட்டிட்டுப் போனேன். எனக்கு நிக்க முடியாதுல்லா, வாகை மரத்தடியில ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டேன். வீட்டுல ஒரு கண்டக்டர் விசில் கெடந்தது, அதையும் எடுத்துக்கிட்டேன். ரெண்டு விசில் அடிச்சா புறப்படணும், ஒரு விசில் அடிச்சா நிக்கணும். இதவிட லேசா எவன் சொல்லிக்குடுப்பான், சொல்லுங்க?

ஆனா அவளுக்குப் பயம். ரெண்டு விசில் அடிச்சேன். முறுக்குனா பாருங்க, வண்டி குதிச்சிக்கிட்டு ஓடுது. "முறுக்காத, விடு, விடு"ன்னு கத்துதேன். விடுன்னா என்ன அர்த்தம்? முறுக்குதத விடணும். இவ ரெண்டு கையையும் மொத்தமா விட்டுட்டா! நேரா கருவேல முள்ளுக்குள்ள போயி விழுந்தா. அந்தப் பக்கம் ஆடு மேய்ச்ச பொம்பளைகதான் தூக்கிவிட்டாளுவ. முழங்கையெல்லாம் முள்ளு. அந்த நெலமையிலயும் "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேக்கா. நானும் அதத்தான் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டோம். அத நெனச்சா இப்பமும் சிரிப்பு வரும்.

அதுக்கப்புறமும் விட்டேனா? தெனமும் கூட்டிட்டுப் போனேன். திட்டுனேன், இல்லைன்னு சொல்லல. திட்டாம தொழில் வருமா? எனக்கு லாரி பழக்குனவரு ஸ்பானரால முட்டியில அடிப்பாரு. நான் இவள ஒரு அடி அடிச்சது கெடையாது. வாயி மட்டுந்தான். "எருமைக்குக்கூட லெஃப்டு ரைட்டு தெரியும்", அவ்வளவுதான். பொட்டல்ல சுத்தி நாலு பேரு நின்னு பாப்பாவ, சிரிப்பாவ. நாலு பேரு முன்னால பேச்சு வாங்குனாதான் ரோசம் வரும், கத்துக்கிடுவாங்குததுதான் என் கணக்கு.

எங்க வருது? ராத்திரி தூக்கத்துல திடுக்குனு எந்திரிச்சு உக்காருவா. என்னட்டின்னா, "கெனாவுல விசில் சத்தம் கேட்டுச்சு"ம்பா. அப்பிடி ஒரு பயந்தாங்கொள்ளி.

கடைசியில ஒருநாள் வண்டிய உருட்டிக்கிட்டு வந்து என் நாற்காலி முன்னால ஸ்டாண்டு போட்டா. "எனக்கு வரலைங்க. விட்டுருங்க"ன்னு சொல்லிட்டுச் சேலைய உதறிக்கிட்டு நடந்து போயிட்டா. நானும், "ஆமா, நீ பின்னால உக்காரத்தான் லாயக்கு"ன்னுட்டேன். வண்டிக்குச் சாக்க மூடிப் போட்டாச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு வெயில்ல ஆஸ்பத்திரியில இருந்து பஸ்ஸுல திரும்பி வாரோம். நல்ல கூட்டம். நின்னுக்கிட்டேதான் வந்தேன், ஒருத்தன் எந்திரிச்சு எடம் குடுக்கல. கல்லிடைக்குறிச்சி வருதப்போ கண்ணு இருட்டிட்டு. அப்பிடியே சாஞ்சிட்டேன். எறக்கி ஒரு கடை வாசல்ல படுக்கப் போட்டாவ. பஸ்ஸுக்காரன் எவ்வளவு நேரம் நிப்பான், அவன் டைமு அவனுக்கு. போயிட்டான். இவ ரோட்டுல நின்னு வார வண்டிய எல்லாம் கையக் காட்டுதா. ஒருத்தனும் நிக்கல. எனக்குப் பாதி நெனப்பு இருக்கு. அவ குரல் கேக்கு. இவ இப்பிடிக் கத்தி நான் கேட்டதே இல்ல. "எய்யா, யாராவது நில்லுங்கய்யா, எய்யா"ன்னு.

ஒரு மணல் டிராக்டர்ல ஏத்தி வீட்டுல கொண்டாந்து சேத்தா.

மறுநாள் விடிஞ்சதும் சாக்க எடுத்துட்டு வண்டிய உருட்டிக்கிட்டுப் போறா. எங்கட்டின்னேன். எதுத்த வீட்டுல ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தி, பெரிய வண்டியே ஓட்டுவா, அவகிட்டப் போயிருக்கா. நானும் விசில எடுத்துக்கிட்டுப் பின்னாலயே கிளம்புனேன். அந்த டீச்சர் வாசல்ல நின்னு, "அண்ணாச்சி, நீங்க வராதிய. வெயில் உங்களுக்கு ஆகாது"ங்கா. காலங்காத்தால ஏது வெயிலு? சரி, பொம்பளைக விசயம்னு இருந்துட்டேன்.

அந்த மாசமே படிச்சிட்டா. லைசென்சும் எடுத்துட்டா. எட்டுப் போடச் சொன்னானாம், காலே ஊணாம போட்டாளாம். ஊரெல்லாம் டீச்சரப் புகழுது. தம்பி, ஒண்ணு யோசிங்க. வெதைச்சது யாரு? அஸ்திவாரம் யாரு போட்டது? வீடு கட்டி முடிச்சதும் வெள்ளையடிக்க வந்தவனக் கொத்தனாருன்னா எப்பிடி? நான் ஒண்ணும் சொல்லிக்கிடல.

மொத நாள் என்னைப் பின்னால ஏத்திக்கிட்டுப் போனா. எனக்குப் பின்னால உக்காந்து பழக்கம் கெடையாது. அதுவும் பொம்பள பின்னால. தெருவே வாசல்ல நின்னு பாத்துது. அவ உலகத்துல உள்ள அம்மனை எல்லாம் முணுமுணுன்னு கூப்பிட்டுட்டுப் பட்டன அமுக்குனா. நான் சும்மா இருக்க முடியுமா? "ஹாரன் அடி. ஓரத்துல போ. அந்தச் சைக்கிளப் பாரு. பிரேக்கப் பிடி. பிரேக்க விடு." சொல்லிக்கிட்டே வாரேன். அம்பைக்கு முன்னால ஆத்துப்பாலம் இருக்குல்லா, அது நடுவுல போறப்போ எதுத்தாப்புல ஒரு செங்கல் லாரி. "ஏறிப் போ"ங்கேன். வண்டி நிக்கு. "ஏட்டி, போ!"ங்கேன். பாலத்து நடுவுல ரெண்டு காலையும் ஊணிக்கிட்டு நிக்கா. முன்னாலயும் ஹாரன், பின்னாலயும் ஹாரன். எனக்கு வந்த ஆத்திரத்துல வாயில என்னென்ன வந்ததோ எல்லாத்தையும் சொல்லிட்டேன். லாரிக்காரன் தலைய வெளிய நீட்டிச் சிரிக்கான்.

அவ அழல. திரும்பிக்கூடப் பாக்கல. முன்னால பாத்துக்கிட்டே சொன்னா: "நீங்க பேசாம வாங்க. நீங்க பேசுனா எனக்கு ரோடு தெரிய மாட்டேங்கு."

கேட்டியளா? என்கிட்டச் சொல்லுதா! ரோடு தெரியாதாம்!

அப்பம் மூடுன வாய்தான். அன்னையிலருந்து வண்டியில நான் ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. அவளும் பேச மாட்டா. வாரத்துல மூணு நாள், போக வர, அவ முதுகப் பாத்துக்கிட்டே போவேன், வருவேன். வெயில்ல ஜாக்கெட்டு நனையும். முதல்ல கழுத்துக்குக் கீழ கையகலத்துக்கு நனையும், அப்புறம் இடுப்பு வரைக்கும் எறங்கும். அவ மூஞ்சியவிட அந்த முதுகுதான் எனக்கு இப்பக் கண்ணுக்குள்ள நிக்கு. என்ன செய்ய.

ஓட்டுதா, சரி. ஆனா ஓட்டு மாதிரியா இருக்கும்? மாட்டு வண்டி ஒதுங்கிப் போன்னு நம்மளுக்குப் பின்னால வரும், அவ்வளவு பைய. சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற பிள்ளைக நம்மளத் தாண்டிப் போகும். நேரா ஒரு கோடு பிடிச்சுப் போக மாட்டா, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவா. அதுவும் திரும்பி வாரப்போ இருக்கே, மெயின் ரோட்ட விட்டுட்டு கால்வாய்க் கரைப் புது ரோட்டுல சுத்திக்கிட்டு வருவா. அது எவ்வளவு சுத்து தெரியுமா? நேர் ரோடு பள்ளமும் மேடுமா இருந்தாலும் தூரம் கம்மில்லா? இந்த ரோட்டுல ஒரு கல்லு விடாமத் தெரிஞ்சவன் பின்னால இருக்கேன், ஒரு வார்த்தை கேக்கல. நானும் பேசாம வந்தேன். ஊசி போட்ட கைய மடியில வச்சிக்கிட்டுத் தூங்கிட்டுக்கூட வந்திருக்கேன், என்ன வேகத்துல ஓட்டியிருப்பான்னு பாத்துக்கிடுங்க.

நடுவுல, இடது கை வலிக்குன்னா. தோள்ல இருந்து விரல் வரைக்கும் இழுக்குன்னா. நான்தான் சொன்னேன், "நீ பிடிய இறுக்கிப் பிடிக்க, அதான். லேசாப் பிடி." தைலம் தேச்சா. மறுபடியும் வலிக்குன்னா, மறுபடியும் அதான் சொன்னேன். ஆவணியில ஒருநாள் காலையில தோசைக்கு மாவு கலக்கிக்கிட்டு இருந்தவ அடுப்படியிலயே உக்காந்துட்டா. கரண்டி கையிலயே இருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டு, அது நெஞ்சு வலி, முன்னாலயே கையில காட்டியிருக்கும்னாரு. அவரு சொல்லுதாரு. ஸ்டியரிங் பிடிச்சவனுக்குல்லா கைவலியப் பத்தித் தெரியும்? புதுசா வண்டி ஓட்டுத எல்லாருக்கும் கை வலிக்கத்தான் செய்யும். யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. கேட்டுப் பாருங்க.

ம்.

தண்ணி நெறையக் குடிக்கக் கூடாது எனக்கு, கிட்னி வெளிய தள்ளாது. ஒரு மடக்கு. தொண்டைய நனச்சிக்கிடுதேன்.

சரி, வருத்தத்தச் சொல்லுதேன்னு சொன்னேம்லா. பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு, வீடு நெறையச் சொந்தக்காரங்க. வாசல்ல ஒரு பொம்பள வந்து நிக்கா. யாருக்கும் தெரியல. கறுப்பா, ஒல்லியா, மூக்குத்தி போட்டுக்கிட்டு, கையில பொரிப் பொட்டலம். பாக்கியம்னு பேராம். பாவநாசம் கோயிலுக்கு எதுக்க, ஆத்துப் படித்துறையில மீனுக்குப் போடப் பொரி விக்கவளாம். "அக்கா ரெண்டு வாரமா வரலையே, மேலுக்குச் சரியில்லையோன்னு விசாரிச்சிக்கிட்டு வந்தேன். இப்பிடின்னு தெருமுனையில வச்சுச் சொன்னாவ"ன்னு ஓன்னு அழுதா.

எந்த அக்கா? எனக்கு வெளங்கல. வேற வீட்டுக்கு வந்துட்டியோம்மான்னேன். "ஸ்கூட்டர்ல வருவாவல்லா, உலகு அக்கா"ங்கா.

தம்பி, நான் மிஷின்ல மாட்டிக்கிட்டுக் கெடக்கேன். இவ வெளிய வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்கான்னு நான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். இவ வண்டிய எடுத்துக்கிட்டுப் பாவநாசம் போயிருக்கா! ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வாரப்போ எல்லாம். படித்துறையில எறங்கிக் காலத் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாளாம். மீனுக்குப் பொரி போடுவாளாம். ஊசி எடுக்குத நேரத்துக்குச் சரியா வந்து என் பக்கத்துல நிப்பா. ஒரு சின்ன அடையாளம் தெரியல எனக்கு. சேலைக் கரை மட்டும் சில நாள் ஈரமா இருக்கும். ஆஸ்பத்திரிக் குழாயில கால் கழுவியிருப்பான்னு நெனச்சிக்கிடுவேன்.

ஆஸ்பத்திரி சிஸ்டர்கிட்டப் போயிக் கேட்டேன். "நாங்கதான் போகச் சொன்னோம் அய்யா. இங்க பெஞ்சுல உக்காந்து உங்க மிஷினயே பாத்துக்கிட்டு இருப்பாவ, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும். நாங்க பாத்துக்கிடுதோம், போயிட்டு வாங்கம்மான்னோம்"னு சொல்லுதா. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

அதுகூடப் போகட்டும். அந்தப் பாக்கியம் என்ன சொன்னா தெரியுமா? "அக்கா வண்டிச் சத்தம் தூரத்துலயே எனக்குத் தெரியும். காத்தா வருவாவ. ஒரு வளைவு வளைச்சுக் கொண்டாந்து நிறுத்துவாவ பாருங்க, இளவட்டப் பயலுவ தோத்தான். பாடிக்கிட்டே வருவாவ"ங்கா.

பாட்டா? எங்க வீட்டுல அவ ஒரு தாலாட்டுப் பாடிக்கூட நான் கேட்டது இல்ல. "என்ன பாட்டும்மா?"ன்னு கேட்டேன். "யாருக்குத் தெரியும், காத்துல பாதிதான் கேக்கும்"னுட்டா.

அப்பம் பாருங்க. என்னை ஏத்திக்கிட்டு வாரப்போ நத்தை மாதிரி ஊர்ந்தவ, தனியாப் போறப்போ காத்தாப் போயிருக்கா. ஓட்டத் தெரிஞ்சிருக்கு! நல்லாவே தெரிஞ்சிருக்கு! அத என்கிட்ட ஏன் மறைக்கணும்? எவ்வளவு பெரிய வஞ்சகம், நீங்களே சொல்லுங்க. என்னைப் பத்தி ஏதும் பேசுவாளான்னு அந்தப் பாக்கியத்துக்கிட்டக் கேட்டேன். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், வாயில வந்துட்டு. "பேசுவாவளே. எங்க வீட்டுக்காரரு ஓட்டுனா டம்ளர்ல தண்ணி தளும்பாதும்பாவ. நானும் அவரத் தளும்பாமக் கொண்டு போயிச் சேக்கணும், அதாம் எனக்குப் பயம்னு சொல்லுவாவ"ன்னா.

தண்ணி தளும்பாதுன்னு சொல்லியிருக்கா, பாத்தியளா? என் ஓட்டு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கா. என்கிட்ட ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்க நல்லா ஓட்டுவியன்னு சொன்னாளா? கட்டுன புருசங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன? ஒரு நல்ல வார்த்தைக்கு மனுசன் எப்பிடி ஏங்கிப் போவான்னு ஒரு பொம்பளைக்குத் தெரிய வேண்டாமா? அதான் தம்பி எனக்கு வருத்தம்.

என்னது? ஆமா, அம்பை வந்துட்டு. இல்ல, எறங்கல. இன்னைக்கு எனக்கு டயாலிசிஸ் நாள் இல்ல. நான் பாவநாசத்துக்குல்லா டிக்கெட் எடுத்திருக்கேன்.

பிரேமா போன்ல சத்தம் போடுதா, தனியா அலையாதிய, கண்ணு தெரியாம ஆத்துல போயி விழுந்திராதியன்னு. நான் தண்ணியில எறங்கப் போறதில்ல. எனக்குத் தண்ணியே ஆகாது. சாமி கும்பிடவும் போகல. அந்தப் பாக்கியத்தப் பாக்கணும். அங்க படி நெறைய இருக்கும்லா, மேல இருந்து தண்ணி வரைக்கும். அதுல எந்தப் படியில அவ உக்காருவான்னு கேக்கணும்.

கேட்டு என்ன செய்யப் போறியங்கியளா?

உக்காரணும். வேற என்ன செய்ய.